மேலிருந்து பார்ப்பவர்கள்

என் தங்கை ஒலிம்ப் என் லாரிக்கு முன்னால் நடுரோட்டில் உட்கார்ந்தபோது எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. மற்றவர்கள்மேல் வந்திருக்க வேண்டிய கோபம் கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்த பிறகு போகவே இல்லை.

நான் ராக்கெட் ஏவுதளத்தின் டிரைவர். கப்பலில் வந்து இறங்கும் செயற்கைக்கோளை அதன் வெள்ளைப் பெட்டியோடு துறைமுகத்தில் ஏற்றி, ஆள் நடக்கிற வேகத்தில் ஏவுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டி வரும். ஒரு குழியில்கூடச் சக்கரம் இறங்கக் கூடாது என்பதால் அந்தச் சாலையில் குழியே இருக்காது. தென்னமெரிக்காவில் பிரான்ஸ் ஆளுகிற எங்கள் பிரெஞ்சு கயானாவில் வேறு எந்தச் சாலையைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது. எங்கள் அம்மா ஏவுதளத்துப் பொறியாளர்களின் வீடுகளில் துணி தேய்த்துக்கொடுத்து எங்களை வளர்த்தாள். பிறகு என் சம்பளத்தில் ஒலிம்ப் நர்ஸுக்குப் படித்தாள். ராக்கெட்தான் எங்களுக்குச் சோறு போட்டது என்று நான் பல பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

படித்து முடித்தவள் நகரத்தில் தங்கவில்லை. ஆற்றின் மேல்பகுதிக்கு வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அங்கே போகச் சாலை கிடையாது, படகுதான். கரையோரமாக வயானா என்கிற பழங்குடி மக்களின் சிற்றூர்கள். அதில் ஒன்றில் தகரக் கூரை போட்ட சுகாதார நிலையம். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் ஒலிம்ப்தான் டாக்டர்.

நிலையத்தை ஒட்டிய வீட்டில் லினியா என்று ஒரு பெண் இருந்தாள். முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். ஆற்று மீனைச் சாப்பிடாதே என்று ஒலிம்ப் அவளைத் தினமும் திட்டுவாள். காட்டுக்குள் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுகிறவர்கள் பாதரசத்தை ஆற்றில் விடுகிறார்கள். அது மீனில் ஏறி, மீனைத் தின்கிறவர்களின் உடம்பிலும் ஏறுகிறது. "வேற என்னத்தக்கா திங்கறது? ஏவுதளத்துலேர்ந்து பார்சல் வருமா?" என்று லினியா சிரிப்பாளாம்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. ஒலிம்ப் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்துவிட்டு, ஹெலிகாப்டர் கேட்டு நகரத்துக்குப் போன் போட்டாள். அது செயற்கைக்கோள் போன். பக்கத்து அறையில் நின்று பேசுவதுபோலத் துல்லியமாகக் கேட்டதாம். ஒரு ஹெலிகாப்டர் பழுதாகி நிற்கிறது என்றார்கள். இன்னொன்று ராக்கெட் ஏவும் நாள் என்பதால் காவலுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது, ராக்கெட் கிளம்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள். கடற்கரையில் மேகம் கூடியது. ராக்கெட் கிளம்புவது தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. ஒலிம்ப் ஒரு கையால் லினியாவின் வயிற்றை அழுத்திக்கொண்டு மறு கையால் போனைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஹெலிகாப்டர் வந்து இறங்கியபோது அவள் லினியாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அடுத்த செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு ஏவுதள வாசலுக்கு முந்தைய ரவுண்டானாவில் திரும்பினேன். சாலையின் குறுக்கே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒலிம்ப். பக்கத்தில் லினியாவின் கணவன், கைக்குழந்தையோடு. ஆற்றிலிருந்து படகில் வந்திருந்தார்கள்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"எழுந்திரு ஒலிம்ப். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்ணே. அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்."

"நீ படிச்சதே இந்த வண்டி ஓட்டின சம்பளத்துலதான். அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இரத்தம் போனா என்ன செய்யணும்னு அந்தப் படிப்புலதான் கத்துக்கிட்டேன். ஆபரேஷன் தியேட்டர் வேணும், இரத்தம் வேணும், டாக்டர் வேணும். இது மூணும் எங்க இருக்கும்னு மட்டும் யாரும் சொல்லித் தரல."

பிறகு நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. போனில் கேட்ட பதில்களை அதே குரலில் சொல்லிக் காட்டினாள். நான் குழந்தையைப் பார்த்தேன். வெயில் படாமல் அதன் அப்பன் தன் தொப்பியால் மறைத்துக்கொண்டிருந்தான்.

பின்னால் வந்த காரிலிருந்து தெலோர்ம் இறங்கி வந்தார். பெட்டிக்குள் இருந்த செயற்கைக்கோளை வடிவமைத்த பொறியாளர். எங்கள் ஆட்களிடம் கைகுலுக்கிப் பேசுகிற மனிதர். அவர் ஒலிம்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"உங்க கோபம் நியாயம்மா. ஆனா இந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு தெரியுமா? காட்டைப் பாக்கற செயற்கைக்கோள். மேகம் மூடியிருந்தாலும் கீழ இருக்கறது தெரியும். எங்க தங்கம் தோண்டறாங்க, ஆறு எங்கேர்ந்து கலங்குது, எல்லாத்தையும் காட்டும். இது உங்களுக்காகத்தான்."

"எங்க தோண்டறாங்கன்னு எனக்குத் தெரியும் சார். எங்க ஊரு நாய்க்கும் தெரியும். அவங்க மோட்டார் சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது. மேலேர்ந்து பாக்க ஆள் வேணாம். கூப்பிட்டா வர்ற ஆள் வேணும்."

"ரெண்டுமே வேணும்தான். ஆனா ஒண்ணு யோசிங்க. ராக்கெட்டுக்குத் தர்ற பணத்தை நிறுத்திட்டா, அது உங்க ஆஸ்பத்திரிக்கு வந்துடும்னு நினைக்கறீங்களா? வராது. வேற எங்கயோ போகும்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். எப்படியும் எங்களுக்கு வராதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

தெலோர்ம் முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

அதற்குள் காவலுக்கு வந்த போலீஸ் அதிகாரி என் தோளைத் தட்டினார். "வண்டியில ஏறு. மெதுவா முன்னால நகர்த்து. சக்கரம் பக்கத்துல வந்தா பயந்து தானா எழுந்துடுவாங்க."

அந்த நொடியில்தான் என் கோபம் திசை மாறியது. "பெட்டி குலுங்கக் கூடாதுன்னு இத்தனை வருஷமா எனக்குப் பாடம் எடுத்தீங்க. குலுங்கினா வேலை போயிடும்னீங்க. இப்ப மனுஷங்க மேல ஏத்தச் சொல்றீங்களா?"

"ஏத்தச் சொல்லல. பயமுறுத்தச் சொன்னேன்."

"முன்னால உக்காந்திருக்கறது என் தங்கச்சி."

வண்டியில் ஏறி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, சாவியைத் தெலோர்மிடம் நீட்டினேன். "உங்க செயற்கைக்கோள்தானே சார். நீங்க நகர்த்துங்க." அவர் சாவியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பி நடந்து காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வண்டி அங்கேயே நின்றது.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. மருத்துவமனை நர்சுகள் வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள், மீன்பிடிக்கிறவர்கள், ஏவுதளத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள்கூட வந்தார்கள். ரவுண்டானாவில் அடுப்பு மூட்டி மரவள்ளிப் பொரிமாவும் புகைபோட்ட கோழியும் பகிர்ந்து தின்றோம். பெட்டியைத் திருப்பித் துறைமுகக் கிடங்குக்கு இழுத்துப்போனார்கள். வாசலை நாங்கள் விடவில்லை. ராக்கெட் கொட்டகைக்குள்ளேயே கிடந்தது.

ஒரு வாரம் போனது. பாரீசிலிருந்து அரசின் பிரதிநிதியாக ஓர் அம்மாள் வந்தார். நாடு உங்களை மறக்கவில்லை என்று பேச ஆரம்பித்தார். "மறந்திருந்தா மன்னிச்சிருப்போம் மேடம். ஞாபகம் வச்சுக்கிட்டே வராம இருந்தீங்க" என்றாள் ஒலிம்ப். அந்த அம்மாளின் கன்னம் சிவந்தது. இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு ஆற்றுப்பகுதிக்கென்று தனி ஹெலிகாப்டரும், ஒலிம்பின் சுகாதார நிலையத்தில் ஓர் அறுவை சிகிச்சைக்கூடமும் தருவதாகக் கூட்டத்துக்கு முன்னால் நின்று சொன்னார்.

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் ஆறவில்லை. இத்தனை காலமும் பணம் இல்லை, பணம் இல்லை என்றவர்களுக்கு ஒரே வாரத்தில் அது எங்கிருந்து வந்தது? லினியா செத்ததில் அசையாதவர்கள், ராக்கெட் நின்றதும் விமானம் ஏறி வந்தார்கள். ராக்கெட் வீணா வீணில்லையா என்று பேசுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் வாசலை விட்டதும் செயற்கைக்கோளை வேறொரு டிரைவர் ஏற்றிப்போனார். என்னை உதிரிச்சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ராக்கெட் பிசகில்லாமல் போனது. ஹெலிகாப்டரும் வந்தது. அதில் ஏறிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒருநாள் தெலோர்ம் தன் விடுமுறையில் படகேறி ஆற்றின் மேல்பகுதிக்குப் போயிருக்கிறார். செயற்கைக்கோள் எடுத்த படங்களை ஒலிம்பின் மேஜைமேல் விரித்தாராம். பச்சைக் காட்டுக்குள் சொறி பிடித்ததுபோல் குழிகள், அவற்றிலிருந்து வழிகிற பழுப்பு நீர். "எல்லாமே பதிவாயிருக்கு. நான் மேலிடத்துக்கு அனுப்பிட்டேன். யாரும் வரல" என்றாராம். அந்த மனிதருக்கு அப்படிக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன் என்றாள் ஒலிம்ப். இரண்டு பேரும் அந்தப் படங்களோடு தலைநகரத்தில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். பத்திரிகைகளில் வந்த பிறகு ராணுவம் ஒருமுறை போய்க் கூடாரங்களை எரித்தது. தோண்டுகிறவர்கள் மழைக்காலம் முடிந்ததும் திரும்பி வந்துவிட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்கூடத்துக்குச் சுவர் எழுந்தது, வெள்ளை ஓடு பதித்தார்கள், விளக்கும் மேஜையும் வந்தன. திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். அதே பாரீஸ் அம்மாள் வெள்ளித்தட்டில் கத்திரிக்கோலை வைத்து ஒலிம்பிடம் நீட்டினார். வாசலில் நீல ரிப்பன் கட்டியிருந்தது.

"டாக்டர் எங்க மேடம்?" என்றாள் ஒலிம்ப்.

"நியமனம் நடந்துட்டிருக்கு. இன்னிக்கு நல்ல நாள், முதல்ல திறந்து வச்சிடலாம்."

ஒலிம்ப் கத்திரிக்கோலை எடுத்தாள். கூர்மையாக இருக்கிறதா என்று விரலில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைத் தன் மருத்துவப் பைக்குள் போட்டு மூடினாள்.

"டாக்டர் வரட்டும், வெட்டறேன். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும். எங்ககிட்ட கத்திரிக்கோலும் பத்தல."