நான்கு மாத எரு

மார்ச் பத்தொன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில், நுண்ணோக்கிக்கு அடியில் வைத்த ஒரு கண்ணாடித் துண்டில் உருண்டைப் புழுவின் முட்டைகள் பதினொன்று இருந்தன.

எண்ணியவள் அந்தக் கூடத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கும் பரிசோதகி. அவள் பார்த்துக்கொண்டிருந்தது எந்த நோயாளியின் மாதிரியும் அல்ல, அவளுடைய ஓரகத்தியின் தோட்டத்து மண். முந்தின நாள் மாலை, செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் முள்ளங்கிப் பாத்தி ஓரமாகக் குனிந்து, இரண்டு கரண்டி மண்ணை மாதிரி டப்பாவில் அள்ளிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கெட்டியான உப்புக் கரைசலில் மண்ணைக் கலக்கி வைத்தால் மண் அடியில் தங்கிவிடும், முட்டைகள் மேலே மிதந்து வரும். மிதந்து வந்தன. பழுப்பு நிறம், மேடும் பள்ளமுமான தடித்த ஓடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் அதை அடையாளம் சொல்வாள்.

முதலில் அவளுக்கு வந்தது பயம் அல்ல, சந்தோஷம். "மாட்டினாடி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பக்கத்து மேசையில் ரத்தக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்ததும், இருமுவதுபோல் பாவனை செய்தாள்.

அவர்கள் வீடு மேட்டுத் தெருவில் இருந்தது. மாடியில் அவள், கணவன், ஏழு வயது மகள். கீழே கொழுந்தன், அவன் மனைவி, மாமனார். மருமகள்களில் இவள் பெரியவள், ஓரகத்தி சின்னவள். மேட்டுத் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். கொழுந்தன் குழாய் வேலைக்காரன். தண்ணீர்த் தட்டுப்பாடு கழுத்தைப் பிடித்த ஒரு வருடத்தில், கொல்லையில் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஒரு கழிப்பறையைக் கட்டினான். தரைக்கு மேலே இரண்டு தொட்டிகள். ஒன்று நிறைந்தால் மூடிவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். சிறுநீரும் கழுவுகிற தண்ணீரும் தனிக் குழிக்குப் போய்விடும். போனவர்கள் ஒரு கரண்டி சாம்பலைத் தூவிவிட்டு வர வேண்டும். மாடிக்காரர்கள் பழைய கழிப்பறையையே பயன்படுத்தினார்கள், மகளைத் தவிர. அவளுக்கு அந்தச் சாம்பல் கரண்டி விளையாட்டுச் சாமான்.

முதல் தொட்டியை அக்டோபர் இருபதாம் தேதி மூடினார்கள். பிப்ரவரி இருபதாம் தேதி சின்னவள் அதைத் திறந்தாள். உள்ளே இருந்தது கறுப்பாக, உதிரி உதிரியாக, மழை பெய்த காட்டு மண்போல் இருந்தது. வாசமே இல்லை. பாத்திகளில் அள்ளிப் போட்டாள்.

ஒரே மாதத்தில் தோட்டம் ஆளே மாறிப்போனது. கீரை முழங்கால் உயரம் வந்தது. கொத்தமல்லி அடர்ந்து படர்ந்தது. மாமனார் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், தெருவில் போகிறவர்களையெல்லாம் கை தட்டிக் கூப்பிட்டு, "ஏறுங்க, ஏறுங்க, உள்ள வந்து பாருங்க, எங்க சின்ன மருமக கை வச்சா கல்லும் முளைக்கும்" என்று காட்டினார். மாடியில் பெரியவள் கடையில் உரம் வாங்கிப் போட்டு வளர்த்த மூன்று தக்காளிச் செடிகள் மஞ்சள் காமாலை வந்ததுபோல் நின்றன. அவற்றைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

செடிகூடப் பரவாயில்லை. சின்னவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பள்ளி விட்டால் மகள் நேராக அவளிடம்தான் போவாள். பெரியவள் விடியலில் எழுந்து கட்டிக் கொடுத்த மதியச் சாப்பாடு பாதிக்கு மேல் டப்பாவிலேயே திரும்பி வரும். "பசிக்கலம்மா, சித்தி கீரை வச்சிருக்கு" என்பாள். தினமும் அந்த மீதியைக் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவுவது அவள்தான்.

இப்போது கையில் பதினோரு முட்டைகள். அன்றே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் முட்டையைப் பார்த்தது மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். செத்த முட்டையும் பார்க்க அப்படித்தான் இருக்கும். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் ஃபார்மலின் மருந்து கலந்த தண்ணீரில் போட்டு மூன்று வாரம் மூடி வைத்தால், உயிருள்ள முட்டைக்குள் புழு உருவாகி நெளியும். அப்போது ஒருவரும் மறுபேச்சு பேச முடியாது. "உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்வதுதான் முறை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு கண்ணாடித் தட்டில் போட்டு அலமாரியின் கடைசித் தட்டில் வைத்தாள். அது முறை என்பதற்காக அவள் காத்திருக்கவில்லை. ஓரகத்தி தலைதூக்க முடியாதபடி தோற்க வேண்டும் என்பதற்காகக் காத்திருந்தாள்.

மகளை மட்டும் கீழே சாப்பிடக்கூடாது என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஏம்மா?"

"சொன்னா கேளு."

"சித்தி மேல உனக்குக் கோவமா?"

மகள் அன்றும் கீழே போய்த்தான் சாப்பிட்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வாரம் ஒருமுறை எல்லோரும் கீழே ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். சின்னவள் பாத்தியில் அப்போதுதான் பிடுங்கிய முள்ளங்கியை வட்ட வட்டமாக நறுக்கி, மேலே பச்சைக் கொத்தமல்லி தூவி, தட்டோடு நடுவில் வைத்தாள். முதல் துண்டை மகள் எடுத்தாள். அது வாய்க்குப் போவதற்குள் பெரியவள் அவள் கையைத் தட்டிவிட்டாள். துண்டு மாமனாரின் தண்ணீர்ச் செம்பில் போய் விழுந்தது.

"அந்த மண்ணுல புழு முட்டை இருக்கு," என்றாள். "நானே பார்த்தேன். பதினொண்ணு."

மாமனார் செம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"எப்பப் பார்த்தே?" என்று கணவன் கேட்டான்.

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா வாயில என்ன வச்சிருந்தே?"

"கேளுங்க மாமா," என்றாள் சின்னவள். "அது மக்கிப்போன மண்ணு. மோந்து பாருங்க, ஒரு வாசம் இருக்கா?"

"நாத்தம் போனா கிருமி போயிடுச்சுன்னு உனக்கு யார் சொன்னது? அந்த முட்டை ஓடு சாம்பலுக்கே அசையாது. வருஷக்கணக்கா மண்ணுல கிடக்கும். குறைஞ்சது ஒன்றரை வருஷம் மூடி வச்சிருக்கணும். நீ நாலு மாசத்துல திறந்திருக்கே. அதுவும் பச்சையா தின்கிற காய்க்குப் போட்டிருக்கே!"

மாமனார் கையை உதறினார். "இந்தாம்மா பெரியவளே. உன் பூந்தொட்டியில தக்காளி காய்க்கலைங்கிறதுக்காக அவ தோட்டத்துல புழு விடாதே. வயிறு எரிஞ்சா தண்ணி குடி."

கணவன் சிரித்துவிட்டான். அவன் சிரிப்பு அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அடைப்பு எங்கே என்று குழாயைத் தட்டிப் பார்க்கும் முகத்தோடு கேட்டான்:

"அண்ணி, அந்த முட்டைங்க உயிரோட இருக்கா?"

"இன்னும் தெரியல."

"அவ்வளவுதானே," என்றார் மாமனார். மகள் இன்னொரு துண்டை எடுத்தாள். பெரியவள் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று மாடிக்கு இழுத்துப் போனாள். எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று படியில் நின்று அவள் கத்தியது கீழே யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் முப்பத்தொன்றாம் தேதி காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது சின்னவள் வாசலில் நின்றாள். கையில் துணி வெட்டும் மேசையில் இருக்கும் பை. அதற்குள் மூன்று மாதிரி டப்பாக்கள், மூடிமேல் தையல்காரியின் சாக்குக்கட்டியால் 'மாமா', 'அவர்', 'நான்' என்று எழுதியிருந்தது.

"நீங்க சொன்னீங்களேக்கா. மாமாவைக் கெஞ்சித்தான் வாங்கினேன்."

முறைப்படி பார்த்தால் பெரியவள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குத் தோன்றியது வேறு: இதிலும் முந்திக்கொண்டாள், நல்ல பெயரை. மாடியிலிருந்து தன் வீட்டு மூன்று டப்பாக்களையும் எடுத்து வந்து, அதே பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.

ஆறு மாதிரிகளையும் அன்றே பார்த்தாள். மாமனாரிடம் ஒன்றுமில்லை. கொழுந்தன், சின்னவள், கணவன், அவள், யாரிடமும் இல்லை. மகளுடைய கண்ணாடித் துண்டில், பார்த்த இடமெல்லாம் முட்டைகள்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். இப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். துண்டுச் சீட்டில் முடிவை எழுதிக்கொண்டிருந்தபோது, ஒன்பது வருடப் பழக்கத்தில், கை தானாகவே பக்கத்தில் தேதிகளைக் கணக்குப் போட்டது. எரு பாத்திக்கு வந்தது பிப்ரவரி இருபது. இன்று மார்ச் முப்பத்தொன்று. முப்பத்தொன்பது நாள். உடம்புக்குள் போன முட்டை புழுவாகி, வளர்ந்து, தானே முட்டையிட இரண்டு மாதமாவது வேண்டும். மகளின் வயிற்றில் இருக்கும் புழு இந்தத் தோட்டத்தைவிட வயதானது.

பேனா நின்றது. தொட்டியை மூடியது அக்டோபரில். அதற்கு முன்பு அந்தக் கழிப்பறைக்குப் போனவர்கள் நான்கு பேர். மூன்று பேரிடம் முட்டை இல்லை.

சாம்பல் கரண்டியோடு ஓடிய மகள்தான் அந்த முட்டைகளைக் கீழே கொண்டுபோயிருக்கிறாள். மகளுக்கு எங்கே தொற்றியது என்று யாருக்குத் தெரியும்? பள்ளி மைதானமோ, தெருவோ. ஊரில் இருக்கிற பிள்ளைகளின் மலத்தையெல்லாம் பரிசோதிக்கும் தாய், தன் பிள்ளையுடையதை ஒருநாளும் பார்த்ததில்லை.

கணக்கெழுதிய காகிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டாள். வீட்டில் காட்டியது சீட்டை மட்டும்.

மாமனார் சீட்டை மூன்று முறை படித்தார். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "நாத்தம் இல்லைன்னு சொன்னியே? குழந்தை வயித்துல போய் முளைச்சிருக்கு பார் உன் முள்ளங்கி." அன்று மாலையே சின்னவள் பாத்தி முழுவதையும் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தாள். மகளுக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பெரியவளே பக்கத்தில் உட்கார்ந்து விழுங்க வைத்தாள்.

அடுத்த மூன்று நாளும் அவள் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. பள்ளி விட்டதும் மகள் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பா காலியாகத் திரும்பியது. மாமனார் மாடிக்கு வந்து, "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்மா" என்றார். கீழே தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்கவில்லை. இரவில் மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சித்தி என்னைத் தொடமாட்டேங்குது. நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. தூங்கு."

சனிக்கிழமை காலை கொல்லையில் இரும்புச் சத்தம் கேட்டது. பெரியவள் இறங்கிப் போனபோது கொழுந்தன் சம்மட்டியும் கடப்பாரையுமாகக் கழிப்பறைமுன் நின்றான். சின்னவள் சற்றுத் தள்ளி, கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யப்போறே?"

"இடிக்கப்போறேன் அண்ணி. ரெண்டு தொட்டியையும் உடைச்சு, உள்ள இருக்கிறதை வாய்க்கால்ல தள்ளிட்டாத்தான் இவளுக்குத் தூக்கம் வரும்."

வாய்க்கால் மேட்டுத் தெருவிலிருந்து இறங்கிக் கீழ்த்தெருப் பிள்ளைகள் விளையாடும் இடம் வழியாகப் போகிறது.

"சம்மட்டியைக் கீழ வை. அதை வெளியில விட்டா ஊருக்கே போகும். மூடித்தான் வைக்கணும்."

"எதுக்கு அண்ணி? குழந்தைக்குப் புழு கொடுத்த சனியனை எதுக்கு மூடிப் பாதுகாக்கணும்?"

"உடைக்கட்டும்கா," என்றாள் சின்னவள். "என் கையாலதான் அவளுக்கு ஊட்டினேன். இந்தக் கையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு."

பெரியவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல் நுனிகள். மூன்று நாளாகத் தேய்த்துக் கழுவியதில் தோல் வெடித்திருந்தது.

"அவளுக்கு உன்கிட்டேயிருந்து வரல," என்றாள். "தோட்டத்துக்கு முன்னாடியே அவ வயித்துல இருந்திருக்கு. நாள் கணக்கு அப்படித்தான் சொல்லுது. தொட்டிக்கு முட்டை போனதே அவகிட்டேயிருந்துதான். நாலு மாசத்துல திறந்தது உன் தப்பு. வந்தது எங்க வீட்டுலேருந்து."

கொழுந்தன் சம்மட்டியைச் சுவரில் சாய்த்தான். சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"மாமா என்னைப் பேசினப்ப?"

"தெரியும்."

சின்னவள் முந்தானையிலிருந்து கைகளை எடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி பெரியவள் அலமாரியிலிருந்த தட்டை எடுத்துப் பார்த்தாள். பதினொன்றில் எட்டு முட்டைக்குள் புழு நெளிந்தது. அதைக் கொழுந்தனிடம் சொன்னாள். அவன் முதல் தொட்டியில் மிச்சமிருந்ததோடு சேர்த்துப் பாத்திகளின் மேல் மண்ணையும், முழங்கை வரை கையுறையும் முழங்கால் வரை காலணியும் போட்டுக்கொண்டு உள்ளே அள்ளிப் போட்டு, மூடியைச் சிமெண்ட் வைத்துப் பூசினான். ஈரச் சிமெண்டில் ஆணியால் தேதியைக் கீறி, திறக்க வேண்டியது ஒன்றரை வருடம் கழித்து என்றும், பழ மரத்தின் அடிக்கு மட்டும் என்றும் எழுதினான். கழிப்பறை வாசலில் சோப்பும் தண்ணீரும் வைத்தார்கள். பாத்தி இருந்த இடத்தில் இரண்டு கொய்யாக் கன்றுகள் நட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது. சின்னவள் மே மாதம் வரை பெரியவளிடம் பேசவில்லை. பேசியபோது ரவிக்கை அளவு பற்றித்தான் பேசினாள்.

ஜூன் இரண்டாம் தேதி நடந்த மறுபரிசோதனையில் மகளிடம் முட்டை எதுவும் இல்லை. பள்ளி விட்டதும் அவள் கீழ் வீட்டுக்குப் போகிறாள்.