ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சருக்கு ஒரு நன்றிக் கடிதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததே அல்ல. அண்ணி கேட்ட ஒரு பக்க நன்றிக் கடிதம், என் கையில் சிக்கி இப்படி ஆகிவிட்டது.

அண்ணி பல் மருத்துவர். விடுமுறை நாட்களில், மலைச் சைக்கிள் பாதையில் ரோந்து போகும் தன்னார்வலர்களுக்குத் தலைவி. விழுந்தவர்களைத் தூக்கி வருவது அவர்கள் வேலை. மருத்துவச் சாமான் கடைக்காரர் ஒருவர் அவர்களுக்கு நான்கு வாக்கி-டாக்கிகளும் ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சர் ஒன்றும் இலவசமாகக் கொடுத்தார். எப்படிப் பயன்பட்டது என்று எழுதி அனுப்பினால், மலையின் மறுபக்கத்துக்கும் ஒரு ஸ்ட்ரெச்சர் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"உருக்கமா எழுதுங்க, எழுத்தாளரே. மறுபக்கம் விழுறவங்களை இன்னும் முதுகுலதான் சுமக்கிறோம்" என்றார் அண்ணி.

2

முதல் தொடக்கம்: 'மேகங்கள் மலையைத் தழுவிய ஓர் இனிய காலையில்—'

(அடித்துவிட்டேன். மழை பெய்தே மாதக்கணக்காகிறது.)

இரண்டாவது: 'உயிர் காத்த உத்தமரே—'

(இதுவும் போயிற்று. அந்த ஸ்ட்ரெச்சர் அதுவரை ஒரு கொசுவைக்கூடச் சுமக்கவில்லை.)

ஆக, கதைக்கு யாராவது விழ வேண்டும். ரோந்துக்காரரான பிளம்பரை விழ வைக்கலாமா என்று பார்த்தேன். மனிதர் வாயே திறக்க மாட்டார். விழுந்தாலும் 'ஐயோ' என்பாரா என்று சந்தேகம். வேறு வழியில்லாமல், அவர்களுடைய ஒத்திகைக்கு நானே நோயாளியாகப் போய்ப் படுத்தேன்.

3

ஒத்திகையில் ஒரு வழக்கம் உண்டு. வாக்கி-டாக்கியில் எதைச் சொன்னாலும் முதலில் 'ஒத்திகை' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் யாராவது பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஒன்பதாம் வளைவில், முட்டியில் சிவப்புச் சாயத்தோடு நான் சொகுசாகப் படுத்திருந்தேன். பக்கத்தில் பிளம்பர். மேலிருந்து அண்ணி சைக்கிளில் இறங்கி வந்தார். முன்சக்கரம் ஒரு வேரில் ஏறி, அண்ணி பறந்து, பாறையில்—

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். என்னால் முடிக்க முடியாது.)

பிளம்பர் வாக்கி-டாக்கியின் பட்டனை அழுத்தினார். "ஒத்திகை, ஒத்திகை. ஒன்பதாம் வளைவுல ஆள் விழுந்துட்டாங்க. பேச்சு மூச்சில்ல."

காலையிலிருந்து அந்த 'ஒத்திகை'யை முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கீழே ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தவன் என் அண்ணன். "சரி, சரி. டீயைக் குடிச்சிட்டு வர்றோம். என் தம்பியை ஒழுங்கா நடிக்கச் சொல்லுங்க."

வாக்கி-டாக்கியைப் பிடுங்கினேன். "அண்ணா, இது நிஜம். விழுந்தது அண்ணி."

அந்தப் பக்கம் டம்ளர் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

4

பதினோரு நிமிடம்! வழக்கமாக அரை மணி நேரம் ஆகும் ஏற்றம் அது. அண்ணனும் இன்னொருவரும் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். இறங்கும்போது அந்தச் சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்லாவது, வேராவது, எல்லாவற்றிலும் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. பாதி வழியில் அண்ணி கண் விழித்தார்.

"முன்னாடி யாரு? பிடி கோணலா இருக்கு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அழுதேன், சிரித்தேன், பாதையில் போன முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தேன்.

(தோள்பட்டை எலும்பு முறிவு. தலையில் ஏழு தையல். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.)

5

இனி முடிவு. கையில் கட்டோடு வரைவைப் படித்த அண்ணி, "அந்த 'ஒத்திகை' விஷயத்தை வெட்டிடுங்க. இவங்களை நம்பி எப்படிக் கொடுக்கிறதுன்னு கடைக்காரர் யோசிப்பாரு" என்றார்.

பார்க்க வந்திருந்த பிளம்பர், வாக்கி-டாக்கி இல்லாமல் முதல்முறையாக வாய் திறந்தார். "வெட்டாதீங்க. மறைச்சு வாங்கினா, அந்த ஸ்ட்ரெச்சரை நான் தொட மாட்டேன்."

அண்ணி வரைவை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, "அனுப்புங்க" என்றார்.

ஆகவே வெட்டவில்லை. கடைக்காரர் ஐயா, நீங்கள் இவ்வளவு நேரம் படித்தது அந்தக் கடிதத்தைத்தான். உங்களையே யாரோ போல எழுதியதற்கு மன்னியுங்கள், நேரே சொல்லக் கூச்சமாக இருந்தது. இன்று காலை மறுபக்கத்தில் பதினான்கு பேர் சைக்கிளோடு ஏறியிருக்கிறார்கள். இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. அது உங்கள் கிடங்கில் இருக்கிறது.