விரிப்பின் மறுமுனை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் என்பதைக்கூட எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். தையல் ஆலை, பிஸ்கட் கம்பெனி, பெரிய கடை என்று அவள் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் கடைசியில் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள்: கல்யாணம் எப்போது? அடுத்த மாதம் என்று உண்மையைச் சொன்னால், ஆன கையோடு நின்றுவிடுவாய் என்றார்கள். ஓரிடத்தில் இப்போதைக்கு இல்லை என்று புளுகியும் பார்த்தாள். அப்படியானால் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாமே என்று அங்கேயும் கையை விரித்தார்கள். அவளுக்கு நிச்சயித்திருந்த மெக்கானிக்கிடம் எந்த முதலாளியும் இதைக் கேட்டதில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்பதோடு அவனை விட்டுவிட்டார்கள்.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயருக்கேற்ப அவள் கண்டுபிடித்த வழியைக் கேட்டு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஹோட்டல் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம். அங்கே மாமியாராகப் போகிறவரையே அழைத்துப் போய், மருமகளை வேலையிலிருந்து நிறுத்தமாட்டேன் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கப் போகிறாளாம். வாழப்போகிற வீட்டில் இப்போதே பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அம்மா கெஞ்சினாள். மாமியாரோ எதற்கும் அதிகம் வாய் திறக்காதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எந்த பஸ்ஸில் போகவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

சலவை நிலையத்தில் இயந்திரங்களின் இரைச்சல் காதைப் பிளந்தது. ஆவியில் சுவரெல்லாம் வியர்த்திருந்தது. மாமியாரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வாயாடி உள்ளே போனாள். துணி மடிக்க ஒரே ஒரு ஆள்தான் தேவை என்றார் மேனேஜர். நாள் முழுக்க நிற்க முடியுமா என்று கேட்டார். பிறகு வழக்கமான கேள்விக்கு வந்தார்.

"அடுத்த மாசம் சார். ஆனா வேலையை விடமாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவங்க வெளியே உக்காந்திருக்காங்க, கூட்டிட்டு வரேன்."

பெஞ்சில் கைப்பை மட்டும் இருந்தது. மாமியார் மடிக்கும் மேசையருகே நின்றிருந்தார். மடிக்க ஆளில்லாததால் இஸ்திரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, ஒரு பெண் பெரிய படுக்கை விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் அதன் மறுமுனையைப் பிடித்திருந்தார். இழுப்பதும் உதறுவதும் முனையோடு முனை சேர்ப்பதுமாக, ஒரு சுருக்கமில்லாமல் விரிப்புகள் அடுக்கேறின. பின்னாலேயே வந்த மேனேஜர் நின்று பார்த்தார்.

"அம்மா, நாளையிலிருந்து நீங்களே வந்துடுங்க. உங்களுக்கு இனிமேலா கல்யாணம் ஆகப்போகுது?"

வாயாடியிடம், பிறகு பார்க்கலாம் என்றார்.

அவளுக்கு முதல்முறையாக வாயடைத்துப் போனது. கிடைக்க இருந்த வேலைக்கு நாமே உலை வைத்துக்கொண்டோமே என்று நினைத்தாள். மாமியார் மேலேயே ஆத்திரம் வந்தது. அதைவிட மோசம், அவர் முகத்தில் ஆசை தெரிந்தது. கல்யாணத்துக்காக ஏதோ ஒரு வேலையை விட்டவர் என்று மெக்கானிக் எப்போதோ சொல்லியிருந்தான். அதற்குப்பின் அவரை யாரும் இப்படிக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

மாமியார் எதிரே நின்ற இஸ்திரிக்காரியைப் பார்த்து, போய் உன் வேலையைப் பாரும்மா என்றார். அவள் விட்டால் போதும் என்று விரிப்பின் முனையைப் போட்டுவிட்டு இயந்திரத்துக்கு ஓடினாள். வெளுத்த துணி தரையில் படப்போகிறதே என்று மேனேஜர் பதறினார். வாயாடி பாய்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஆளால இதை மடிக்க முடியாது சார். அந்தப் பக்கத்தை இவ பிடிச்சா நான் வரேன். இல்லன்னா பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் மாமியார்.

மேனேஜர் மடித்த அடுக்கைப் பார்த்தார். மூலையில் மலையாகக் குவிந்திருந்த மடிக்காத துணியைப் பார்த்தார். இஸ்திரி இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. காதைச் சொறிந்துகொண்டே, இரண்டு பேரும் காலையில் நேரத்தோடு வந்துவிட வேண்டும் என்றார்.

வாயாடிக்கு வாய் திரும்பி வந்தது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடுவது நல்லது என்று நினைத்தாள்.

"சார், அடுத்த மாசம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு வேணும். கல்யாணம்."

மேனேஜர் திகைத்துப்போய் மாமியார் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதீங்க, எனக்கில்ல," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த விரிப்பை எடுத்தார்.