வெளியே வைத்த மாடிப்படி

மாடியில் தனியாக ஒரு வீடு கட்ட அனுமதி வாங்கலாம் என்று நான் சொன்னதும் என் புருஷன் தெய்வசிகாமணிக்கு வாயெல்லாம் பல். வாடகை வந்தால் வேலைக்குப் போகாமல் குடிக்கலாம், அது அவன் கணக்கு. என் கணக்கு வேறு. அதற்கு முந்தின வாரம்தான் என் மகள் சுடர்விழியைச் சுவரோடு வைத்து அறைந்தான். பிள்ளைக்குக் காதில் ரத்தம் வந்தது. என்னை அடித்துத் தொலையட்டும், பழகிப்போன முதுகு. பிள்ளை மேல் கை வைத்தவனோடு ஒரே கதவுக்குள் இனி படுக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மனை அவன் பெயரில். கட்டும் பணம், தேங்காய்த்திட்டு துறைமுக ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்று நான் சேர்த்தது. ஆனாலும் அவன் கையெழுத்துப் போடாமல் ஆபீஸில் மனுவை வாங்க மாட்டார்கள்.

பிளான் வரைகிற தமிழ்மாறன் அளவெடுக்க வந்தார். டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். படி வெளியே இருந்தால் பக்கத்தில் இடம் விட வேண்டும், குளியலறையை இடிக்கணும் என்றார்.

"ஒண்ணும் இடிக்க வேணாம். படி என் ஹாலுக்குள்ளயே இருக்கட்டும்," என்றான் தெய்வசிகாமணி.

உள்ளே படி வைத்தால் மாடியும் அவன் கதவுக்குள்தான், நினைத்த நேரம் ஏறி வந்துவிடுவானே. இத்தனை நாள் மனசுக்குள் கட்டிய வீடு ஒரே வார்த்தையில் இடிந்தது. அவனுடைய சந்தேகப் புத்தி எனக்குத்தான் தெரியும். அதைத் தொட்டேன்.

"உள்ள வெய்யி. குடி வர்றவன் தெனம் என்னைப் பாத்துக்கினே ஏறட்டும்."

பளாரென்று அறைந்தான். நான் பிடித்திருந்த டேப் கையைவிட்டுப் பறந்து தமிழ்மாறனிடமே சுருண்டுகொண்டது. விழுந்தவளை இடுப்பில் இரண்டு உதை. அந்த மனுஷன் குனிந்து டேப்பைத் துடைத்தார். அடி வாங்குகிறவளைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை.

"படிய வெளிய போடுய்யா!" என்று கத்தினான் தெய்வசிகாமணி.

உதட்டு ரத்தத்தை முழுங்கிக்கொண்டு சிரித்தேன். வாங்கியதிலேயே உருப்படியான அடி அதுதான்.

ஒருமுறை மனு திரும்பி வந்தது. குளியலறையை இடித்த பிறகு வரச் சொன்னார்கள். கூலிக்கு ஆள் வைக்காமல் கடப்பாரையை நானே எடுத்தேன். ஒவ்வொரு இடிக்கும் அவன் பெயரைச் சொன்னேன். சுவர் மத்தியானத்துக்குள் விழுந்துவிட்டது. அனுமதி வந்தது, மாடியும் எழும்பியது.

ஆவணியில், குடி வருகிறவர்களுக்காக அவன் நாள் குறித்த காலையில், சுடர்விழியோடு முதலில் ஏறிப்போய் உள்தாழ்ப்பாள் போட்டேன். புது அடுப்பில் பால் வைத்தேன்.

"கதவத் தொறடி! குடி வர்றவங்க வண்டி வாசல்ல நிக்குது!"

"குடி வந்தாச்சு. நானும் என் பொண்ணும். நீ கீழ போ."

தடதடவென்று படியிறங்கிப் போனான். பிறகு கடப்பாரை வந்தது. முதல் குத்தில் கதவு விரிசல் விட்டது, மூன்றாவதில் ஒரு பலகை பெயர்ந்தது. "ரெண்டு பேரையும் வெட்டிக் கடல்ல போட்டுடுவேன்" என்று கத்தியபடி அந்த ஓட்டைக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவினான். சுடர்விழி காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். அவளை அறைந்த அதே கை. பால் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி, அந்தக் கை மேல் அப்படியே கவிழ்த்தேன்.

அவன் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. கையை உருவிக்கொண்டு பின்னால் சாய்ந்தவன் படியில் உருண்டு அடியில் போய் விழுந்தான். கால் எலும்பு முறிந்த சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. குடி வந்தவர்களின் வண்டி திரும்பிப் போனது.

பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

"பால் கொட்டிடுச்சேம்மா," என்றாள் சுடர்விழி, காதிலிருந்து கையை எடுத்தபடி.

"இன்னொரு பாக்கெட்டு இருக்கு. வெட்டு."

கீழே அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வரும். வரட்டும். புது வீட்டில் பால் பொங்கணும். பாத்திரத்தைக் கழுவி மறுபடி அடுப்பில் வைத்தேன். பொங்கி வழிகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.