காலி பண்ணச் சொன்னது யார்?

டெல்லி கரோல் பாக்கில் இருக்கும் தமிழர்களை எல்லாம் தீபாவளிக்குள் வீட்டை விட்டுக் கிளப்பப் போகிறார்கள் என்ற செய்தி, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வைதேஹியின் சமையலறை வாசலுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அவள் கணவர் ராமமூர்த்தி. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

"படி. பேப்பர்லயே வந்துடுத்து" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம். கார்பன் பிரதி. ஒரு பிரபல ஹிந்தி நாளேட்டில் வந்த செய்தியின் சாரம் என்று மேலே போட்டிருந்தது. மதராஸிகள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் லேசில் கிளம்புவதில்லை, வீட்டையே அமுக்கிவிடுகிறார்கள் என்பதால் கரோல் பாக் வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடித் தீர்மானம் போட்டுவிட்டார்களாம். தீபாவளிக்குள் அத்தனை பேரும் காலி. கோர்ட்டுக்குப் போனாலும் பிரயோஜனமில்லை. தேவைப்பட்டால் போலீஸ் உதவியும் கோரப்படும். படித்தவர்கள் தயவுசெய்து ஐந்து பிரதி எடுத்து ஐந்து தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுக்கவும்.

வைதேஹி இரண்டு தரம் படித்தாள். "எந்தப் பேப்பர்னா இது? தேதி என்ன, எந்தப் பக்கம்?"

"ஆத்துக்குள்ளயும் ஆபீஸை ஆரம்பிச்சுட்டயா?" என்றார் ராமமூர்த்தி.

அவள் கேட்டதில் தப்பில்லை. வைதேஹிக்கு வேலையே அதுதான். ஒரு மந்திரி அலுவலகத்தில் பத்திரிகைப் பிரிவு. காலையில் பேப்பர்க் கட்டு வரும். செய்திகளைக் கத்தரித்து, காகிதத்தில் ஒட்டி, பேப்பர் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் முத்திரைக்குள் நிரப்பி அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அந்தத் துண்டு அப்படியே திரும்பி வந்து அவள் மேஜையில் விழும். பன்னிரண்டு வருஷமாக இதையே செய்துவந்தால், யாராவது கல்யாணச் செய்தி சொன்னால்கூட எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் தோன்றும்.

ஆனால் கரோல் பாக்கில் அன்று யாருக்கு அந்தப் பொறுமை இருந்தது? காகிதத்தோடு கூடவே இன்னொரு சமாசாரமும் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. மகாதேவன் நடத்தும் வீட்டுமனைக் கூட்டுறவுச் சங்கத்தின் விண்ணப்பம். ஜனக்புரிக்கும் அப்பால், எலிவேட்டைக்குத்தான் லாயக்கு என்று ஜனங்கள் சொல்லும் ஒரு வெட்டவெளியில் மனை. சேர்வதற்குக் கடைசி நாள் அன்றிலிருந்து மூன்றாவது ஞாயிறு. ராமமூர்த்தி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அலமாரியில் வைத்துவிட்டார். முன்பணத்துக்கு வைதேஹியின் வளையல்கள் போக வேண்டும்.

வளையல் போனால் போகட்டும். இந்த வீடு போய்விடுமே என்பதுதான் அவள் கவலை. மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், பின்பக்கம் வேப்பமரம் தெரிகிற ஜன்னல். ஒன்பது வருஷம். பஸ் ஸ்டாப் நாலு நிமிஷ நடை. கீழே வீட்டுக்காரி பீஜி. மூல்தானிலிருந்து பிரிவினையில் வந்த பஞ்சாபிக் கிழவி. வாய் நீளம், கை அதைவிடத் தாராளம். வைதேஹிக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் கஞ்சி கொண்டுவந்து மாடியேறியவள். அந்த பீஜியா போலீஸைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாள்?

"வெளியில சிரிப்பா, உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு யார் கண்டா? நாம ஏதாவது வாயைக் கொடுத்து, அதையே சாக்கா வெச்சுண்டு கிளப்பிடப்போறா. ஜாக்கிரதையா இரு. பேச்சை வெச்சுக்காதே" என்றார் ராமமூர்த்தி.

வைதேஹியும் வைத்துக்கொள்ளவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு கெட்டிக்காரி, பேச்சை நிறுத்து என்றதும் நிறுத்தினாள். கோபமும் ஒரு காரணம். ஒன்பது வருஷம் பழகிவிட்டுத் தீர்மானமா போடுகிறாள், போடட்டும். காலையில் படியிறங்கும்போது பீஜி முற்றத்திலிருந்து, மகளைக் கூப்பிடுகிற மாதிரி, "பேட்டி, ஆபீஸுக்கா?" என்று கேட்டால், "ஹாஞ்ஜி" என்று வாயைத் திறக்காமலே சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

ஆனால் காகிதத்தை மட்டும் அவள் விடவில்லை. மறுநாளே ஆபீஸில் ஹிந்திப் பக்கத்தைப் பார்க்கும் சர்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். இரண்டு பேருமாக ஒரு மாதத்து ஹிந்திப் பேப்பர்களை மதியச் சாப்பாட்டு வேளையில் புரட்டினார்கள். காலைப் பேப்பர், மாலைப் பேப்பர், ஒன்றையும் விடவில்லை. வெங்காய விலை இருந்தது, யாரோ ஒருவருடைய எருமை காணாமல் போனது இருந்தது. மதராஸிகளைக் காணோம்.

பிறகு அவள் பிரதிகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். பக்கத்துச் சந்தில் இருக்கும் வத்சலாவிடம் ஒன்று. லோதி ரோடிலிருந்து வேலைக்கு வரும் விஜயலக்ஷ்மியிடம் ஒன்று. பஸ் வரிசையில் அறிமுகமான ஆபிரகாம் சாரிடம் ஒன்று. "என்ன வைதேஹி, இதையும் ஒட்டி அனுப்பப் போறயா?" என்று வத்சலா கேலி செய்தாள். செய்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கடைசி ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலையும் கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பினாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பற்றிக்கொண்டு வந்தது. நாலும் ஒன்றாக இல்லை. விஜயலக்ஷ்மியின் காகிதத்தில், சில வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்லக்கூடும் என்று தெரியவருகிறது, அவ்வளவுதான். பேப்பர் என்ற பேச்சே இல்லை. ஆபிரகாம் சாருடையதில் பிரபல ஹிந்தி நாளேடு முளைத்திருந்தது. வத்சலாவுடையதில் சில வீட்டுக்காரர்கள் எல்லா வீட்டுக்காரர்களும் ஆகி, தீபாவளியும் கோர்ட்டும் சேர்ந்துவிட்டன. போலீஸ் இருந்தது ஒரே ஒரு காகிதத்தில்தான். அவள் வீட்டுக் காகிதத்தில்.

"ஏன்னா, இங்க வாங்கோ. இது உங்களுக்கு யார் கொடுத்தது?"

"வத்சலா ஆத்துக்காரர் கொடுத்தார். அதைப் பாத்து நான் ஆபீஸ்ல ஆறு காப்பி அடிச்சேன். அதுல ஒண்ணு இது."

"அப்போ இந்தப் போலீஸ் எங்கேருந்து வந்தது?"

ராமமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது துடைக்க வேண்டிய நிலையில் இல்லை. "அது… கடைசி பாரா மொட்டையா நின்னுண்டிருந்துது. ஒரு முடிவே இல்லாத மாதிரி. அதான் ஒரே ஒரு வாக்கியம்…"

"சேர்த்தேளா?"

"டிராஃப்ட்னா நாலு பேர் திருத்தத்தான் திருத்துவா, வைதேஹி. எப்படியும் போலீஸ்னு ஒண்ணு வரத்தானே வரும்?"

அடேயப்பா! டெல்லியில் தமிழன் பிழைப்பதே குறிப்பெழுதி. தன் மேஜைக்கு வந்த காகிதத்தை ஒரு வரியாவது திருத்தாமல் அடுத்த மேஜைக்குத் தள்ளினால் அந்த கிளார்க்குக்குத் தூக்கம் வராது. ஆளுக்கு ஒரு வாக்கியம், ஆளுக்கு ஐந்து கார்பன். இப்படித்தான் ஊர் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. வைதேஹி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். தானே எழுதிய வாக்கியத்துக்குத் தானே பயந்து பதினைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடாத மனுஷரை என்னவென்று திட்டுவது?

கடைசி ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பம் வாங்க மகாதேவன் வந்தார். கூடம் பெரிதாக இருந்ததால் இவர்கள் வீட்டிலேயே ஏற்பாடு. ஒன்பது பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற களை. வைதேஹி காப்பியைக் கொடுத்துவிட்டு, நாலு காகிதத்தையும் நடுவில் வைத்தாள். யார் யார் எந்த வாக்கியத்தைச் சேர்த்தார்கள் என்று கேட்டாள்.

எல்லாரும் காப்பி டம்ளரை உற்றுப் பார்த்தார்கள். பிறகு ராமமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போலீஸ் என்னுது" என்றார். அவர் விழுந்ததும் மற்றவர்களும் சரிந்தார்கள். கோர்ட் வத்சலா கணவருடையது. தீபாவளி அவருடைய செக்‌ஷனில் யாரோ சொன்னது. ஹிந்தி நாளேட்டுக்கு மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

வைதேஹி விஜயலக்ஷ்மியின் காகிதத்தைத் தனியே எடுத்து, "இந்த முதல் காகிதம் உங்களுதா மாமா? எல்லாத்தோடயும் உங்க விண்ணப்பம்தானே கூட வந்தது?" என்று மகாதேவனைக் கேட்டாள்.

மகாதேவன் மறுக்கவில்லை. "பஸ்ல ரெண்டு பேர் பேசிண்டா. மதராஸிகளைக் காலி பண்ணணும்னு ஒருத்தன் சொன்னான். நான் என் காதால கேட்டேன்."

"ஒருத்தன் சொன்னதா? தெரியவருகிறதுன்னு போட்டிருக்கேளே?"

"ஆபீஸ் பாஷை அப்படித்தானேம்மா."

"உங்க சங்கத்துக்கு எத்தனை பேர் வேணும்?"

"அறுபது. இந்த மாசக் கடைசிக்குள்ள சேரலைன்னா மனை கைவிட்டுப் போயிடும்" என்றார். உடனே அவருக்குச் சுருக்கென்றது. "நான் எனக்காகவா அலையறேன்? நம்ம மனுஷாளுக்கு ஒரு இடம், பக்கத்துல ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம், ஒரு கோவில்… வாங்கோ வாங்கோன்னு ரெண்டு வருஷமா கூப்பிட்டேன். ஒரு ஜன்மம் திரும்பிப் பாக்கலை. இந்தக் காகிதம் போன பதினஞ்சு நாள்ல இருபத்திரண்டு பேர் சேர்ந்திருக்கா!"

அந்த மனிதர் பொய்யாகப் பேசவில்லை. வைதேஹிக்கு அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. "ஆசையா கூப்பிட்டா வராதவாளைப் பயமுறுத்தியா கூட்டிண்டு போறது மாமா?" என்றாள்.

கூடத்தில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வத்சலாதான் மெல்லக் கேட்டாள்: "சரி வைதேஹி, பேப்பர்ல வரலை. ஆனா நிஜமாவே அவாளுக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்தா? இல்லைன்னு யார் சொல்றது?"

"அதானே! யாருக்குத் தெரியும்?" என்றார் ராமமூர்த்தி.

வைதேஹி காலி டம்ளர்களை எடுக்கக் குனிந்தாள். கீழே முற்றத்தில் பீஜி ராஜ்மாவை முறத்தில் புடைக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு மாதப் பேப்பர் புரட்டியாகிவிட்டது, லோதி ரோடு வரைக்கும் விசாரித்தாகிவிட்டது. பதினெட்டுப் படி இறங்கி வீட்டுக்காரியை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும்தான் கேட்கவில்லை. வைதேஹிக்கு முகம் சுட்டது. எழுந்து விறுவிறுவென்று படியிறங்கினாள்.

பீஜி நிமிர்ந்து பார்த்தாள். "வழி தெரிஞ்சுதா, பேட்டி? நான் என்ன தப்புப் பண்ணினேன்னு பதினஞ்சு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். மாடித் தண்ணி சொட்டுதுன்னு அன்னிக்குக் கத்தினேனே, அதுக்கா?"

வைதேஹி நின்றபடியே எல்லாவற்றையும் ஹிந்தியில் கொட்டினாள். காகிதம், தீர்மானம், தீபாவளி, போலீஸ். மேலே படிக்கட்டுக் கைப்பிடியில் பத்துத் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

பீஜி முறத்தைக் கீழே வைத்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"நானும் ஒரு வீட்டை விட்டு ஓடி வந்தவதான்" என்றாள். "தெருமுனையில நெருப்பை என் ரெண்டு கண்ணால பாத்துட்டு ஓடி வந்தேன். அரே, நீ காகிதத்தைப் பாத்துட்டு ஓடுறியே! ஒன்பது வருஷம் என் தலைக்கு மேல நடக்குறே. ஊரையெல்லாம் கேட்டே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

வைதேஹிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "தப்புதான் பீஜி. முதல்ல உங்களைத்தான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்று பீஜி தலையை ஆட்டினாள். கோபம் அவளிடம் அதிக நேரம் தங்குகிற வழக்கமில்லை. மேலே எட்டிப் பார்த்த தலைகளை அண்ணாந்து பார்த்தாள். "தீர்மானமாம், தீர்மானம்! இந்தத் தெருவுல நாலு வீட்டுக்காரன் ஒண்ணா உக்காந்து டீ குடிச்சு நான் பாத்ததில்லை. ஆனா ஒரு கபர், நிஜமான சேதி, இருக்கு. இது பக்கா. என் வாயாலயே சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க."

கைப்பிடியில் இருந்த தலைகள் இன்னும் முன்னால் சாய்ந்தன. ராமமூர்த்தி இரண்டு படி இறங்கி வந்து நின்றார்.

"தீபாவளியிலிருந்து மாடிக்கு வாடகை இருபது ரூபா ஜாஸ்தி. பதினஞ்சு நாளா சொல்லணும்னு பாக்கறேன். நீங்க நின்னு பேசினாத்தானே!"

ராமமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் முதல் வேலையாகப் பேரம் பேச ஆரம்பித்தது. "இருபதா? இருபது ரொம்ப ஜாஸ்தி, பீஜி. பத்து வெச்சுக்கலாமே."

"ஜாஸ்தியா? அப்போ காலி பண்ணிட்டு ஜனக்புரிக்குப் போ!" என்று சொல்லிவிட்டு, பீஜியே முதலில் சிரித்தாள்.

கைப்பிடி அதிர மேலே எல்லாரும் சிரித்தார்கள். மகாதேவன்கூடச் சிரித்தார். வைதேஹி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பீஜிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தாள். மேலே படியில் அவள் கணவர் வாடகைப் பேரத்தில் பத்திலிருந்து பதினைந்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்.