புள்ளிப் புத்தகம்

வயர்மேனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இது அவர் மனைவியைத் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் சிவப்புப் போர்வை வாங்கப் போனவர் பச்சையைத் தூக்கிக்கொண்டு வந்து அவளிடம் மாட்டிக்கொண்டார். கலர் தெரியாத மனுஷன் கரண்டில் கை வைக்கிறாரே என்று அன்றைக்கு அவள் பயந்துபோனாள். மறுநாளிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு அவளும் கூடப் போனாள்.

ஏணிக்குக் கீழே நின்று டார்ச் அடித்தபடி, "இது மாமா, அது மச்சான்" என்பாள். மாமா சிவப்பு, மச்சான் பச்சை. புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் சொன்னதை நம்பி அவர் கை வைத்தார். அத்தனை வருஷத்தில் ஒரு வீட்டிலும் ஒரு கோளாறு வந்ததில்லை.

அப்புறம்தான் சட்டம் வந்தது. பதிவு எண் இல்லாதவர் சுவிட்சைக் கழற்றினாலே குற்றமாம். விண்ணப்பத்துக்கு ஒரு கட்டணம், வகுப்புக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று. கட்டினால் கட்டினதுதான், திரும்பி வராது. அவள் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அதுகூடப் பெரிதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் கண் பரிசோதனை என்று போட்டிருந்ததுதான் இருவர் தூக்கத்தையும் கெடுத்தது.

என் பேரில் பதிவு செய்துகொள்ளலாமா என்று அவளே அலுவலகத்தில் போய்க் கேட்டுப் பார்த்தாள். "பை தூக்குனதெல்லாம் அனுபவத்துல சேராதும்மா" என்றார் குமாஸ்தா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கண் டாக்டர்கள் காட்டுவது எல்லா இடத்திலும் ஒரே புத்தகம், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அவள் அந்தப் படங்களைத் தேடிப் பிடித்து அச்செடுத்து வந்தாள். பக்க வரிசைப்படி எண்களை அவருக்கு உருப்போட வைத்தாள். பல் தேய்க்கும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"பொய் சொல்லி வாங்கணுமா?" என்றார் ஒருநாள்.

"எது பொய்? ஒங்க கையும் எங்கண்ணும் சேந்துதானே இத்தன நாளா வேல பாத்துச்சு? அவனுங்க ஒரே ஆள்கிட்ட ரெண்டையும் கேட்டா நாம என்ன பண்றது?"

பரிசோதனை அன்று அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"பன்னெண்டு" என்றார் வயர்மேன், தெளிவாக. கொஞ்சம் இடைவெளி. "எட்டு." உள்ளே நர்ஸ் களுக்கென்று சிரிப்பது கேட்டது. "இருபத்தொன்பது."

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் டாக்டர். "நான் நடுவுல இருந்து காட்டிட்டிருக்கேன். நீங்க மொதப் பக்கத்துல இருந்து சொல்றீங்க."

அவளுக்கு உடம்பு கூசியது. பக்கங்களைக் கலைத்துப்போட்டுக் கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே! ஆனால் கலைத்துப்போட்டிருந்தால் மட்டும் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? டாக்டர் கோபப்படவில்லை. "ஒரு வீடு பத்திக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால் அவள் சண்டைக்காவது போயிருப்பாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். போன் அடித்தது. பக்கத்துத் தெரு டெய்லர் அம்மா. வாய் நிறைய அண்ணே, அண்ணே என்று கூப்பிடுபவள். அவள் வீட்டு வயரிங் மொத்தமும் இவர்கள் செய்ததுதான்.

"மெஷின் லைட் எரியல. அண்ணன அனுப்பி வைங்க."

"அவரு ஊர்ல இல்லைங்க" என்றாள் இவள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார். இன்றைக்கு ஒருமுறை பொய் சொல்லி அசிங்கப்பட்டது போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

"ஊர்லதாம்மா இருக்கேன். பதிவு கெடைக்கல. எனக்குச் செகப்பு பச்ச தெரியாது. பொறந்ததுலேந்தே அப்படித்தான்."

போனால் போகிறது, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று டெய்லர் அம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று மனைவி காத்திருந்தாள்.

"அப்போ எங்க வீட்ல நீங்க போட்டதெல்லாம்...?" என்றாள் டெய்லர் அம்மா. அண்ணே என்று சொல்லவில்லை.

இருட்டுவதற்குள் இன்னும் பல வீடுகளிலிருந்து போன் வந்தது. ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.