ஆளுக்கு இருபது நொடி

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன், ஒரு டம்ளர். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு எல்லைச் சாவடிக்கு நடந்தேன். ஆறு நிமிட நடை. என் மனைவி இறந்து நாலு மாதமாகத் தனியாக நடக்கிறேன்.

சாவடியில் பாஸ்போர்ட் பார்க்க எட்டு கவுண்டர்கள். ஆள் இருந்தது மூன்றுக்குத்தான்: நான், மொட்டை என்று நாங்கள் கூப்பிடும் சக ஊழியன், அவள். இப்போது இரண்டுக்கு. வரிசையின் வால் பாலத்தைத் தாண்டி அக்கரையில் கிடக்கிறது.

அன்று தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி, எத்தனை ஆள் தேவை என்று கணக்கெடுக்க வந்தார். போன வருடப் பதிவுகளைத் திறந்தார்.

"ஒரு பயணிக்குச் சராசரி முப்பத்தெட்டு நொடி. மூணு பேரே போதும். ஒரு ஆள் தரேன்."

"அது என் மனைவியையும் சேர்த்து வந்த சராசரி சார்."

கவுண்டர் வாரியாகப் பிரித்துக் காட்டினேன். எனக்கும் மொட்டைக்கும் எழுபது நொடி. அவளுக்கு இருபது.

"பார்க்காமலே முத்திரை குத்தியிருப்பாங்க" என்றார்.

மொட்டை திரும்பினான். "போன வருஷம் பதினோரு போலிப் பாஸ்போர்ட் சிக்கிச்சு சார். பதினொண்ணும் அவங்க பிடிச்சது. நாங்க ரெண்டு பேரும் வெட்டி முறிச்சது பூஜ்யம்."

வெள்ளத்தில் இரண்டு நாள் மூடியிருந்த பாலம் திறந்த காலை நினைவுக்கு வந்தது. ஆயிரம் பேர். நான் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். கையில் அவசரமே இல்லை. ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"போட்டோல மீசை இருக்கே, எங்க?"

"பொண்டாட்டி எடுக்கச் சொல்லிட்டா மேடம்" என்றார் லாரி டிரைவர்.

"அவங்க சொன்னா சரிதான். போங்க."

இருபது நொடி. சிரிப்பும் அதற்குள்தான். மதியத்துக்குள் பாலம் காலியானது. ஆறு வடிவதைப் பார்த்தவன்போல நின்றிருந்தேன்.

"அவங்களைக் கணக்குலேர்ந்து நீக்கணும்னா நீங்க கையெழுத்துப் போடணும்" என்றார் அதிகாரி.

அவள் புடவைகளைக்கூட இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அவளுடைய ஐந்தாம் கவுண்டரின் வரியை அடித்துக் கையெழுத்திட்டேன்.

அதிகாரி கணக்குப் போட்டார். நம்பாமல் மறுபடி போட்டார்.

"மொத்தம் ஆறு பேர் வருது. அவங்க ஒருத்தங்க இடத்துக்கு நாலு பேரா?"

"ஆமாம் சார்."

கண்ணாடியைக் கழற்றி, காலியான ஐந்தாம் கவுண்டரைச் சற்று நேரம் பார்த்தார். "ஆறுன்னே எழுதறேன். வேற வசதி ஏதாவது வேணும்னா படிவத்தோட கடைசிக் கட்டத்துல நீங்களே எழுதிடுங்க."

கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டபோது, ஒன்றும் சொல்லவில்லை என்றிருந்தேன். சொன்னாள். அந்தக் கவுண்டரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவதற்குச் சற்று முன், தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னாள். அதை அப்படியே படிவத்தில் எழுதினேன்.

"இந்த நாற்காலி ஆடுது, மாத்தச் சொல்லுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"